தோள் முதல் விரல்நுனி வரை: கையை இயக்கும் தசைகளைத் தொட்டு அறியும் முறை

கிருஷ்ணகிரிப் பகுதியில் பெங்களூரா மாங்காய் அறுவடை மும்முரமாக நடக்கும் ஜூன் மாதத்தில், தோளைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் அதிகமாகிவிடுவார்கள். நுனியில் வலை கட்டிய நீளக் கோலை நாள் முழுவதும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக் காய் பறித்தவர்கள் அவர்கள். "இங்கேதாங்க சார் வலிக்குது" என்று மேற்கையின் வெளிப்புறத்தை நடுவில் தொட்டுக் காட்டுவார்கள். ஆனால் பெரும்பாலும் புண்பட்டிருக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) அங்கே இல்லாமல், நான்கைந்து விரற்கடை மேலே, தோள்முனை எலும்பின் அடியில் இருக்கும். வலிக்கும் இடம் ஒன்றும் பழுதான இடம் வேறொன்றுமாக இருப்பதால்தான், இயன்முறை சிகிச்சையைத் தொடங்குமுன் அவரவர் கையை அவரவருக்கே தொட்டுக் காட்டுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். அந்த முறையை, வீட்டிலேயே செய்து பார்க்கும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியை அசைக்கும் தசை பெரும்பாலும் அந்தப் பகுதியில் இருப்பதில்லை. அதற்கு முந்திய பகுதியில் இருக்கிறது. மேற்கையை அசைக்கும் தசைகள் மார்பிலும் முதுகிலும் தோள்பட்டையிலும் உள்ளன. முழங்கையை மடக்கி நீட்டுபவை மேற்கையில் உள்ளன. மணிக்கட்டையும் விரல்களையும் இயக்கும் வலிமையான தசைகள் முன்கையில் உள்ளன. தசை எலும்பை இழுக்குமே தவிரத் தள்ளாது என்பதால், மடக்க ஒன்றும் நீட்ட மற்றொன்றுமாக அவை எதிரெதிராக அமைந்திருக்கின்றன. இவ்விரண்டும் தெரிந்துவிட்டால், பெயர்களை மனப்பாடம் செய்யாமலேயே எந்தத் தசையையும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

தேடும் முறை எளிது. கையில்லாத பனியனோ தளர்வான சட்டையோ அணிந்து, முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு கையின் மூன்று விரல்களின் சதைப்பற்றான முனைகளை மற்ற கையின் தசைமீது மெல்ல வையுங்கள். நகத்தால் குத்தக் கூடாது. பிறகு அந்தத் தசை செய்யும் வேலையைச் செய்யுங்கள், ஆனால் சுவரோ மேசையோ இன்னொருவரின் கையோ அதைத் தடுக்கட்டும். தடைக்கு எதிராக முயலும்போது தசை விரலுக்கடியில் கல்போல் இறுகும், விட்டவுடன் தளரும். இப்படி நான்கைந்து முறை இறுக்கித் தளர்த்தினால் தசையின் எல்லைகள் புலப்படும். ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழிலாளர்களின் விரல்கள், ஒரு பெயரும் சொல்லாமல், எலும்பை ஒட்டித் தசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போவதைக் கவனித்திருக்கிறேன். தொட்டு அறிவதில் அந்தப் பொறுமைதான் முக்கியம். இரண்டு கைகளையும் ஒப்பிட மறக்காதீர்கள், ஏனெனில் நோயில்லாத மறுபக்கமே உங்களுக்கான அளவுகோல்.

தோளில் தொடங்குவோம். தோளின் உருண்டை வடிவத்துக்குக் காரணமான டெல்டாய்டு, காறை எலும்பிலும் தோள்முனையிலும் தோள்பட்டை எலும்பின் முகட்டிலும் தொடங்கி, மேற்கை எலும்பின் வெளிப்புற நடுவில் ஒரு முனையாக வந்து முடிகிறது. முழங்கையைச் சுவரில் பக்கவாட்டாக அழுத்தினால் அதன் நடுப்பகுதியும், முன்னோக்கி அழுத்தினால் முன்பகுதியும், பின்னோக்கி அழுத்தினால் பின்பகுதியும் தனித்தனியே இறுகுவதை உணரலாம். மாங்காய் பறிப்பவர்கள் வலிக்கிறது என்று காட்டும் இடம் இந்தத் தசை முடியும் இடமே. ஆனால் பல வேளைகளில் வலியைத் தோற்றுவிப்பது இதற்கு உள்ளே மறைந்திருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற சிறிய தசையின் நாண்தான்.

அந்தச் சிறிய தசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோள்பட்டை எலும்பின் பின்புறம் குறுக்காக ஓடும் முகட்டைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு மேலேயுள்ள பள்ளத்தில் விரல்களை வையுங்கள். மேலே போர்வைபோல் டிரப்பீசியஸ் என்ற தசை படர்ந்திருப்பதால் சற்று ஆழமாக அழுத்த வேண்டும். தொங்கவிட்ட கையை ஓரிரு அங்குலம் மட்டும் பக்கவாட்டில் விலக்கினால், உள்ளே ஒரு கயிறு முறுகுவதுபோல் தெரியும். இந்தச் சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் ஆகிய நான்கும் சேர்ந்து மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பிடித்து, ஆழமற்ற தோள்கிண்ணத்திலிருந்து அது நழுவாமல் காக்கின்றன. சுப்ராஸ்பைனேட்டஸின் நாண் தோள்முனை எலும்புக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் இடையிலான குறுகிய சந்து வழியே போவதால், கையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அது நெருக்கப்பட வாய்ப்புண்டு.

இதை நீங்களே சோதிக்கலாம். கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையை உள்நோக்கித் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் உயர்த்துங்கள். தோள்மட்டத்தை எட்டும்போது தடை தெரியும், வலுக்கட்டாயமாக மேலே தள்ள வேண்டாம். இப்போது உள்ளங்கை மேல்நோக்கும்படி திருப்பி உயர்த்துங்கள். கை தடையின்றிக் காதோரம் வரை போகும். கையை வெளிநோக்கித் திருப்பும்போது மேற்கை எலும்பின் மேடு தோள்முனையின் அடியிலிருந்து விலகிவிடுகிறது. கோல் பிடிப்பவர்களிடமும், உயரத்தில் சுண்ணாம்பு அடிப்பவர்களிடமும் நான் விடாமல் சொல்வது இதைத்தான்: முழங்கையை வெளியே விரித்து உயர்த்தாமல், சற்று முன்னால் கொண்டுவந்து, கட்டைவிரல் மேல்நோக்கும்படி கோலைப் பிடியுங்கள், காய் இருக்கும் கிளைக்கு நேர்கீழே போய் நில்லுங்கள்.

கை காதோரம் வரை உயர்வது தோள்மூட்டினால் மட்டும் நடப்பதன்று. வீட்டில் ஒருவரை உங்கள் முதுகுப்பக்கம் நிற்கச் சொல்லி, தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் கட்டைவிரலை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கையை மெல்ல உயர்த்த உயர்த்த அந்த முனை விலா எலும்புகளின் மேல் வழுக்கி, அக்குள் பக்கமாகச் சுழன்று போகும். முழு உயர்வான 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டிலும் 60 பாகை தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலும் நிகழ்கின்றன. இன்மன் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1944-இல் விளக்கிய இந்த விகிதம் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. அந்தச் சுழற்சியைச் செய்பவை டிரப்பீசியஸும், விலாவை ஒட்டிய செர்ரேட்டஸ் ஆன்டீரியரும். இரு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றித் தள்ளும்போது தோள்பட்டை எலும்பின் ஓரம் சிறகுபோல் புடைத்து எழுந்தால், செர்ரேட்டஸ் வலுவிழந்திருக்கலாம் என்று பொருள்.

மார்புத் தசையையும் முதுகின் அகன்ற தசையையும் அக்குளின் இரு ஓரங்களிலேயே பிடித்துவிடலாம். இரு உள்ளங்கைகளையும் கும்பிடுவதுபோல் அழுத்தினால் அக்குளின் முன்மடிப்பில் பெக்டோராலிஸ் மேஜர் இறுகும். கையை இன்னொருவரின் தோள்மேல் வைத்துக் கீழ்நோக்கி அழுத்தினால் பின்மடிப்பில் லாட்டிசிமஸ் டோர்சி இறுகும். காவிரியில் பரிசல் ஓட்டுபவர் துடுப்பைத் தம்பக்கம் இழுக்கும்போது உழைப்பதும் இந்த இரண்டாவது தசைதான்.

மேற்கைக்கு வந்தால், எல்லோருக்கும் தெரிந்த இருதலைத் தசையான பைசெப்ஸைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. முழங்கையை மடக்கும் முதன்மை வேலை அதன் அடியில் படுத்திருக்கும் பிரேக்கியாலிஸுக்கு உரியது. மேசையின் அடியில் கையை வைத்து, உள்ளங்கை தரையை நோக்கியிருக்க, புறங்கையால் மேசையை மேலே தூக்க முயன்றால் பைசெப்ஸ் அவ்வளவாக இறுகாது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி அதையே செய்தால் உடனே திரண்டு எழும். முன்கையைத் திருப்புவதும் அதன் பெரிய வேலை. வலக்கையால் திருகாணியை இறுக்கும்போது மேற்கை அசதியாவதன் காரணம் அது. கட்டைவிரல் மேலே இருக்கும்படி தூக்கினால் முன்கையின் ஓரத்தில் முழங்கையருகே பிரேக்கியோரேடியாலிஸ் ஒரு வரம்புபோல் எழும். மேசையைக் கீழ்நோக்கி அழுத்தினால் மேற்கையின் பின்புறம் முத்தலைத் தசையான டிரைசெப்ஸ் இறுகும்.

முன்கைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முன்கையின் உட்புறத்தை மறுகையால் பொத்திப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். உள்ளே நீரோட்டம்போல் தசைகள் நெளியும். விரல்களுக்குள் விரலை மடக்கும் தசை எதுவும் இல்லை, நீண்ட நாண்கள் மட்டுமே செல்கின்றன. 1543-இல் வெளியான தம் உடற்கூறு நூலில் இடம்பெற்ற உருவப்படத்தில் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ், தோல் நீக்கிய ஒரு கையில் விரல்களுக்குச் செல்லும் நாண்களைக் காட்டியபடியே நிற்கிறார். அந்த நாண்கள் இரண்டு அடுக்காகப் போகின்றன. மற்ற மூன்று விரல்களையும் நீட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவிரலை மட்டும் மடக்கினால், நடுக்கணுவில் மடங்கும், நுனிக்கணு துவண்டே இருக்கும். இது மேலடுக்குத் தசையின் வேலை. நடுக்கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கினால் ஆழத்தில் உள்ள தசை வேலை செய்கிறது. அரிவாள் வெட்டுக்குப் பிறகு எந்த நாண் அறுந்தது என்று அறிய மருத்துவர்கள் செய்வது இதே சோதனை.

கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவில் மெல்லிய நாண் ஒன்று எழும். அது பால்மாரிஸ் லாங்கஸ். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அதனால் குறையொன்றும் இல்லை. அதன் அருகே மணிக்கட்டின் எலும்புச் சுரங்கத்தில் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் நெருங்கிச் செல்கின்றன. அங்கே நெருக்கடி கூடினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போகும். பருவம் முழுவதும் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்கள் இந்த அறிகுறியைச் சாதாரண அசதி என்று விட்டுவிடக் கூடாது.

முன்கையின் பின்புறத் தசைகள் மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துபவை; ஆனால் பிடிக்கும்போதும் அவை ஓய்வதில்லை. மணிக்கட்டை முழுவதும் உள்ளே மடக்கிக்கொண்டு முட்டியை இறுக்கிப் பாருங்கள், பிடி தளர்ந்துபோகும். சற்று நிமிர்த்தினால் முழு வலிமையும் திரும்பும். ஆகவே களித் துடுப்பைப் பிடித்துக் கேழ்வரகுக் களி கிளறும்போது, விரல்களை மடக்கும் தசைகளோடு மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளும் சேர்ந்தே உழைக்கின்றன. அவை முழங்கையின் வெளிப்புற மேட்டில் தொடங்குவதால் வலி அங்கே தோன்றுகிறது. முழங்கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, ஒருவர் புறங்கையை அழுத்தும்போது நீங்கள் மணிக்கட்டை நிமிர்த்த முயன்று அந்த மேட்டில் சுருக்கென்று வலித்தால், டென்னிஸ் விளையாடாதவருக்கும் வரும் டென்னிஸ் எல்போவாக அது இருக்கக்கூடும். துடுப்பின் பிடியில் துணி சுற்றிச் சற்றுப் பருமனாக்குவதும், இரு கைகளாலும் பிடித்து உடம்பின் எடையைக் கொடுத்துக் கிளறுவதும் அந்தத் தசைகளின் சுமையைக் குறைக்கும்.

கட்டைவிரலை நன்றாக விரித்து நிமிர்த்தினால் மணிக்கட்டோரம் இரு நாண்களுக்கு நடுவே பள்ளம் தோன்றும். பொடி போடுபவர்கள் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சும் இடம் அது. கை ஊன்றி விழுந்த பிறகு அந்தப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்குமானால், வீக்கம் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுங்கள். அடியிலுள்ள சிறிய எலும்பு முறிந்திருக்கலாம்.

கடைசியாகக் கைத்தலம். இங்கேதான் நான் முதலில் சொன்ன விதிக்கு விலக்கு வருகிறது, ஏனெனில் நுட்பமான அசைவுகளுக்கான சிறு தசைகள் உள்ளங்கையிலேயே உள்ளன. கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிவரை கொண்டுபோனால் கட்டைவிரல் மேட்டின் தசைகள் இறுகும். உள்ளங்கை எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவுகின்றன. ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாகத் தடைக்கு எதிராக நகர்த்தினால், புறங்கையில் அவ்விரு விரல்களுக்கும் நடுவே அவற்றுள் ஒன்று எலுமிச்சைபோல் புடைக்கும். பட்டுப்புழுக்கள் கூடு கட்டும் சந்திரிகைத் தட்டிலிருந்து பட்டுக்கூட்டை நசுக்காமல் பிய்த்தெடுக்கும்போது, விரலின் அடிக்கணு மடங்கியும் மற்ற கணுக்கள் நீண்டும் இருப்பது லம்பிரிக்கல் எனப்படும் மண்புழு வடிவான தசைகளும் எலும்பிடைத் தசைகளும் சேர்ந்து செய்யும் வேலை. லம்பிரிக்கல்கள் எலும்பில் தொடங்காமல், ஆழத் தசையின் நாண்களிலிருந்தே தொடங்குகின்றன.

ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே வைத்து, மற்றவரை இழுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலை நீட்டியபடியே பிடிக்க முடிந்தால் நல்லது. நுனிக்கணுவை மடக்கினால்தான் தாள் நிற்கிறது என்றாலோ, அந்த எலுமிச்சைப் புடைப்பு இருந்த இடத்தில் குழி விழுந்திருந்தாலோ, முழங்கையின் உட்புறமாக வரும் அல்னார் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். தொழுநோய் தாக்கும் முக்கியமான நரம்புகளில் இதுவும் ஒன்று என்பதால், சுண்டுவிரல் பக்கம் உணர்ச்சியும் குறைந்திருந்தால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் அதே வாரத்தில் அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.