மஞ்சள் பீட்ரூட்: முளைக்க வைப்பதில்தான் பாடு முழுவதும்

சிவப்பு பீட்ரூட் போட்டுப் பழகியவர்கள் மஞ்சளில் சறுக்குவது ஒரே இடத்தில்தான், முளைப்பில். நாலு இலை விட்டுவிட்டால் அப்புறம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நானும் முதல் தடவை சிவப்புக்குப் போடுகிற கணக்கிலேயே நாற்பது விதை போட்டேன். பதினோரு இடத்தில்தான் தலை காட்டியது. பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு வாரம் புலம்பிக்கொண்டிருந்தேன். விதையில் குறை இல்லை, பழைய மஞ்சள் ரகங்களுக்கு அதுதான் சுபாவம். அதைத் தெரிந்துகொண்டு போட்டால் ஏமாற்றம் இருக்காது.

பாக்கெட்டைப் பிரித்ததும் கையில் விழுகிற அந்தச் சொரசொரப்பான பழுப்பு உருண்டை ஒற்றை விதை இல்லை. இரண்டு மூன்று பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே காய்த்துக் காய்ந்த கொத்து அது. அதனால்தான் ஒன்று போட்ட இடத்தில் இரண்டு, மூன்று, சமயத்தில் நாலு நாற்றுகூட வரும். விதையைச் சுற்றியிருக்கிற தக்கை மாதிரியான தோலில் முளைப்பைத் தடுக்கிற பொருள்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டால் அவை கரைந்து வெளியேறிவிடும். ஆகவே ராத்திரி ஒரு கிண்ணத்தில் ஊறப்போடுங்கள், காலையில் பார்த்தால் தண்ணீர் நீர்த்த டீ நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டிவிட்டு இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசி உடனே விதைத்துவிடுங்கள். 12 மணி நேரம் போதும், ஒரு நாளைத் தாண்டினால் உள்ளே இருப்பது மூச்சு முட்டி அழுகும்.

கையில் இருப்பதே பத்து இருபது விதைதான் என்றால் ஊறிய விதையை ஈரத்துணியில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வைத்து, வேர் நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் எட்டிப் பார்த்ததும் மண்ணுக்கு மாற்றலாம். அதற்கு மேல் வளரவிட்டால் எடுக்கும்போதே நுனி ஒடிந்துவிடும், ஒடிந்தால் கிழங்கு கோணல் மாணலாகக் கிளை விடும்.

மண் பொலபொலவென்று, கல்லும் கட்டியும் இல்லாமல் ஒரு ஜாண் ஆழத்துக்காவது இருக்க வேண்டும். கார அமில அளவு 6-இலிருந்து 7-க்குள் இருப்பது நல்லது, புளித்த மண் பீட்ரூட்டுக்கு ஆகவே ஆகாது. நன்றாக மக்கிய உரம் மட்டும் கலக்கவும். பச்சைச் சாணமோ யூரியாவோ அள்ளிப் போட்டால் இலை மட்டும் தளதளவென்று வரும், கீழே சுண்டுவிரல் பருமனுக்குத்தான் கிழங்கு இருக்கும்.

மண்ணின் சூடு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது விதையுங்கள். 10-க்குக் கீழே போனால் முளைக்க இரண்டு மூன்று வாரம் இழுக்கும், 30-ஐத் தாண்டினால் பாதி விதை எழும்பவே எழும்பாது. ஆழம் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை சென்டிமீட்டர். சிவப்புக்கு 5 சென்டிமீட்டருக்கு ஒன்று போடுவீர்கள் என்றால் மஞ்சளுக்கு இரண்டரைக்கு ஒன்று போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர்.

இனி முளைக்கும் வரை மேல் மண் ஒரு நாள்கூடக் காயக்கூடாது. காய்ந்து பொருக்கு தட்டினால், முளைத்த நாற்றும் அதை முட்டி உடைக்க முடியாமல் உள்ளேயே மடங்கிக் கிடக்கும். விதைத்த வரிசையை மண்ணால் மூடுவதற்குப் பதில் சலித்த மக்கு உரத்தால் மூடினால் பொருக்கே வராது. மேலே ஈரச்சாக்கு போட்டு வைத்தால் தண்ணீர் விடும் வேலையும் குறையும், ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். ஒரு முளை தெரிந்தாலும் சாக்கை எடுத்துவிட வேண்டும்.

நாற்று ஒரு விரல் உயரம் வந்ததும் குனிந்து தண்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். மஞ்சள் ரகத்துக்கு அந்தத் தண்டே எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். இளஞ்சிவப்பாக ஒன்று நின்றால் அது எங்கோ சிவப்போடு மகரந்தம் கலந்த விதை, கிழங்கும் சிவப்பாகத்தான் வரும். கலைப்பதை அதிலிருந்து ஆரம்பியுங்கள். பிறகு 10 சென்டிமீட்டருக்கு ஒரு செடி நிற்கும்படி மற்றதை எடுக்கவும். பிடுங்காமல் கத்தரியால் தரையோடு வெட்டுங்கள், பிடுங்கினால் ஒட்டி நிற்கிற பக்கத்துச் செடியின் வேரும் ஆட்டம் கண்டுவிடும். வெட்டிய இளங்கீரையைச் சமைத்துவிடலாம். கலைக்க மனசு வராமல் விட்டவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது கோலிக்குண்டுகள்தான்.

அப்புறம் பெரிதாக வேலை இல்லை. தண்ணீரை ஒரே சீராக விடவும், காயப்போட்டுத் திடீரென்று வெள்ளமாகப் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு வெயில் படுகிற தோள்பட்டைப் பகுதி பழுப்பாகித் தடித்துவிடும், மண் அணைத்துவிடுங்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுப்புத் திட்டுகள் இருந்தால் போரான் என்ற நுண்சத்தின் பற்றாக்குறையாக இருக்கலாம். கண்ட அளவில் போராக்ஸ் (போரான் உள்ள உப்பு) போடாதீர்கள், கொஞ்சம் கூடினாலே அது செடிக்கு விஷம். முதலில் மண்ணைச் சோதித்துப் பாருங்கள்.

விதைத்து 55, 60 நாளில் கிழங்கு 5 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு வந்திருக்கும், அப்போதே எடுங்கள். பெரிதாகட்டும் என்று விட்டால் நார் ஓடிவிடும். இலையை 3 சென்டிமீட்டர் காம்பு விட்டு அறுக்கவும். சிவப்பு தருகிற பீட்டாசயனின் என்ற நிறமி இதில் இல்லாததால் கையிலும் பலகையிலும் கறை ஏறாது, ஆனால் நறுக்கி வைத்தால் கறுக்கும், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து வையுங்கள்.

மரபு ரகம் என்று தேடிப் போட்டவர்கள் விதையும் எடுக்க நினைப்பீர்கள். சொல்லிவிடுகிறேன், லேசான காரியம் இல்லை. பீட்ரூட் முதல் வருடம் கிழங்கு, அடுத்த வருடம்தான் பூ. அதுவும் இடையில் இரண்டு மூன்று மாதம் 10 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால்தான் பூக்கும். குளிர் இல்லாத ஊர்களில் ஈர மணலில் புதைத்த கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு நட்டுப் பார்க்கலாம். மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும், சிவப்பு பீட்ரூட், அதே இனத்துக் கீரையான சுவிஸ் சார்டு எல்லாவற்றோடும் கலந்துவிடும், எனவே சுற்றுவட்டாரத்தில் வேறு எதுவும் பூக்காமல் இருக்க வேண்டும். ஒற்றைச் செடி தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது, பத்துக்குக் குறையாமல் நடுங்கள். பூந்தண்டு ஓர் ஆள் உயரத்துக்குப் போய்ச் சாயும், கம்பு கட்ட வேண்டும். கொத்துகள் கீழிருந்து பழுப்பாகிக்கொண்டே வரும்போது தண்டோடு அறுத்து, நிழலில் காயவைத்து உருவி எடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் படாமல் நாலைந்து வருடம் தாங்கும். ஆனாலும் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் பத்து விதையை ஈரத்துணியில் போட்டு எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப நெருக்கி விதையுங்கள்.