வலியைப் பிள்ளை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி?

"பத்துக்கு எத்தனை வலிக்குது?" வலியோடு வரும் பிள்ளையிடம் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பிள்ளை ஏழு என்கிறது, நாமும் எழுதிக்கொள்கிறோம். குழந்தைகளுக்கான வலிச் சிகிச்சைப் பிரிவில் உளவியலாளராக வேலை செய்யும் எனக்கு அந்த எண் தேவைதான். ஆனால் ஏழு என்று சொன்ன இரண்டு பேரில் ஒருத்தி காலையில் பள்ளிக்குப் போய்விட்டு வந்திருப்பாள். இன்னொருவன் படுக்கையைவிட்டு எழுந்து வாரக்கணக்காகியிருக்கும். எண் ஒன்றுதான், வாழ்க்கை வேறு. வலி வந்ததும் பிள்ளை என்ன செய்கிறது, மனதுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறது, பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால்தான் அந்த வித்தியாசம் புரியும். செவிலியரோ மருத்துவரோ பெற்றோரோ, இதை யாரும் கேட்கலாம்.

அளவை முதலில் முடித்துவிடுங்கள்

பேச்சு வராத குழந்தைக்கு 1997இல் வெளியான ஃபிளாக் அளவுகோல் இருக்கிறது. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. நான்கைந்து வயதானால் முகப்படங்களைக் காட்டலாம். நான் பயன்படுத்துவது 2001இல் வந்த திருத்திய முகப்பட அளவுகோல். அதில் ஆறு முகங்கள். வலியில்லாத முதல் முகம் சிரிக்காது, கடைசி முகத்தில் கண்ணீர் இருக்காது. முதல் முகம் சிரித்தபடி இருந்தால், வலியே இல்லாமல் பயத்தில் மட்டும் இருக்கும் குழந்தை "நான் சிரிக்கலையே" என்று அடுத்த முகத்தைத் தொட்டுவிடும். அப்போது பயமும் வலிக்கணக்கில் சேர்ந்துவிடும். எட்டு வயதுக்கு மேல் 0 முதல் 10 வரை எண்ணாகவே கேட்கலாம்.

பிள்ளை சொன்ன எண்ணோடு வாதாடாதீர்கள். "விளையாடிட்டுத்தானே இருக்கே, எப்படி எட்டு?" என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த விளையாட்டுதான் அந்தக் குழந்தை வலியைத் தாங்கும் வழியாக இருக்கலாம்.

என்ன செய்கிறாய் என்று கேளுங்கள்

"வலியை எப்படிச் சமாளிக்கிறே?" என்று பொதுவாகக் கேட்டால், "தெரியல" என்பதற்கு மேல் பதில் வராது. ஒரு நாளைப் பிடித்துக் கேளுங்கள். "கடைசியா வலி வந்தது எப்போ? அப்போ எங்கே இருந்தே? முதல்ல என்ன பண்ணினே? யார்கிட்டயாவது சொன்னியா? அதுக்கப்புறம்?" கதை போல அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். சின்னக் குழந்தையிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, "இதுக்கு வயிறு வலிக்குதாம், இப்போ என்ன பண்ணும்?" என்று கேளுங்கள். பொம்மை போர்வைக்குள் ஒளிகிறதா, அம்மாவைக் கூப்பிடுகிறதா, மருந்து கேட்கிறதா என்று கவனியுங்கள்.

எட்டு வயது முதல் பதினெட்டு வரை உள்ளவர்களுக்கு 1998இல் வெளியான வலி சமாளிப்புக் கேள்வித்தாள் உண்டு. மொத்தம் 39 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு அடிக்கடி செய்கிறாய் என்பதற்கு 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். கேள்வித்தாள் கையில் இல்லாவிட்டாலும் அது பார்க்கும் எட்டு வழிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பேச்சிலேயே அவை அகப்படும். வலியைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்வது, என்ன செய்யலாம் என்று யோசிப்பது, யாரிடமாவது போய்ச் சொல்வது, தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வது ஆகிய நான்கும் வலியை நேராகப் பார்ப்பவை. விளையாட்டிலோ வேலையிலோ இறங்குவது, மனதை வேறொன்றில் திருப்புவது, இவை கவனத்தை விலக்குபவை. கோபத்தைக் கத்தித் தீர்ப்பது, "இது தீரவே தீராது" என்று உள்ளுக்குள் புழுங்குவது ஆகிய கடைசி இரண்டையும் நான் கூடுதலாகக் கவனிப்பேன். இவை மேலோங்கியிருக்கும் பிள்ளைகளிடம்தான் முடக்கமும் மனச்சோர்வும் அதிகம் தென்படுகின்றன.

அதற்காக மற்ற ஆறும் எப்போதும் நல்லவை என்று மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். ஊசி போடும் சில நிமிடங்களுக்குக் கவனத்தைத் திருப்புவது அருமையான வழி. மாதக்கணக்கில் நீளும் வலிக்கு நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் கவனத்தைத் திருப்புவதுதான். ஆனால் பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வழிக்கும் பின்னால் இன்னொரு கேள்வி போடுங்கள்: "அப்படிப் பண்ணினதும் என்ன ஆச்சு?"

ஊசி, ரத்தப் பரிசோதனை, கட்டு மாற்றுவது போன்றவற்றில் கேட்பதைவிடப் பார்ப்பது அதிகம் சொல்லும். முன்பு, நடக்கும்போது, பின்பு என மூன்று நேரமும் கவனியுங்கள். சில பிள்ளைகளுக்கு ஊசி உள்ளே போவதைப் பார்த்தால்தான் நிம்மதி. கண்ணை மூடச் சொன்னால் பதறுவார்கள். வேறு சிலருக்கு ஊசிப் பெட்டி திறக்கும் சத்தமே ஆகாது. "பாக்கணுமா, திரும்பிக்கணுமா?" என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே கேட்டால் பாதி மதிப்பீடு முடிந்த மாதிரி. முடிந்த பிறகு எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனதுக்குள் ஓடுவது

"வலிக்கும்போது மனசுல என்ன ஓடும்?" இந்தக் கேள்வியை நான் எந்தப் பிள்ளையிடமும் விட்டதில்லை. 2003இல் குழந்தைகளுக்கென்று தழுவி வெளியிட்ட வலிப் பேரச்ச அளவுகோல் இதையே 13 வாக்கியங்களில் கேட்கிறது. மொத்தம் 52 மதிப்பெண். அது தேடுவது மூன்றை. வலியையே திரும்பத் திரும்ப நினைப்பது, பெரிதாக ஏதோ ஆகிவிடும் என்று அஞ்சுவது, என்னால் ஒன்றும் முடியாது என்று கைவிடுவது. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. பெரிதாக ஏதோ ஆகிவிடும் என்று அஞ்சும் பிள்ளையிடம் எதைக் கண்டு அஞ்சுகிறாய் என்று கேளுங்கள். தலைவலி என்றால் மூளையில் கட்டி என்று எங்கோ படித்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

பதின்ம வயதினரிடம் கொஞ்ச நேரமாவது தனியாகப் பேசுங்கள். எது ரகசியமாக இருக்கும், உயிருக்கு ஆபத்தான எதை மட்டும் பெரியவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கம் எப்படி, தானாக வாங்கிப் போடும் மாத்திரை எத்தனை, நண்பர்கள் இன்னும் கூப்பிடுகிறார்களா, வலியை யாரிடம் மறைக்கிறாய் என்றெல்லாம் கேளுங்கள். வாழ்வதே சலித்துப்போனது போல ஏதாவது சொன்னால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விட்டுவிடாமல் அன்றே மனநல உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

அமைதியாக இருக்கும் விடலைப் பிள்ளையை "நல்லா சமாளிக்கிறான்" என்று எழுதிவிடுவது வழக்கமாக இருக்கிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சொன்னால் பெற்றோர் கவலைப்படுவார்கள், சொன்னால் விளையாட்டு அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள், சொல்லி அலுத்துவிட்டது, யாரும் நம்பவில்லை என்று மௌனத்துக்குக் காரணங்கள் பல. காரணத்தைக் கேட்காமல் மௌனத்துக்கு மதிப்பெண் கொடுக்க முடியாது.

பெற்றோரையும் சேர்த்துத்தான்

பிள்ளை சமாளிக்கும் விதத்தில் பாதி பெரியவர்களின் முகத்தில் இருக்கிறது. "வலிக்குதுன்னு சொன்னதும் நீங்க என்ன செய்வீங்க?" என்று பழி தொனிக்காமல் கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை "இப்ப வலிக்குதா?" என்று விசாரிக்கிறார்கள், எந்தெந்த வேலையிலிருந்து விடுவிக்கிறார்கள், அவர்களுக்கு உள்ளூர என்ன பயம் என்றும் கேளுங்கள். ஊசி நேரத்தில் "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று தேற்றும்போது பிள்ளையின் பதற்றம் கூடுவதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. அன்பில் குறையில்லை, ஆனால் ஏதோ நடக்கப்போகிறது என்ற சேதியாகவே பிள்ளை அதை எடுத்துக்கொள்கிறது. கதை சொல்வது, எண்ணச் சொல்வது, வேறெதையாவது பேசுவது நன்றாக வேலை செய்கின்றன.

பேச முடியாத, வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர்தான் அகராதி. வலித்தால் இவன் எப்படி மாறுவான், எப்படித் தன்னையே தேற்றிக்கொள்வான் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைத்து, அதன்படி கவனியுங்கள்.

பிறகு அன்றாட வாழ்க்கை. மாடிப்படி ஏறுவது, பள்ளியில் முழு நாள் இருப்பது, நண்பர்களோடு சேர்ந்து இருப்பது போன்ற 15 செயல்களைக் கேட்கும் 1991ஆம் ஆண்டுச் செயல்முடக்கப் பட்டியல் இதற்கு உதவும். மொத்தம் 60 மதிப்பெண். நாள்பட்ட வலியுள்ள பிள்ளைகளில் 13 முதல் நடுத்தர முடக்கம், 30 முதல் கடும் முடக்கம் என்று கொள்கிறோம். வலி குறைந்த நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்த்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடும் பழக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இது பட்டியலில் வராது, கேட்டால்தான் வரும்.

காய்ச்சல், எடை குறைவது, வளர்ச்சி நின்றுபோவது, மூட்டு வீக்கம், மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். மோசமாகச் சமாளிக்கிறது என்ற முடிவை "வலி பொய்" என்று யாரும் படிக்க விடாதீர்கள். ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது.

எல்லாம் முடிந்ததும், கேட்டதைப் பிள்ளையிடமே திருப்பிச் சொல்லுங்கள்: "வலி வந்தா நீ தங்கச்சிகிட்ட போய்ப் பேசுறே, அது உதவுது. ராத்திரி தனியா இருக்கும்போதுதான் பயம் வருது. சரியா புரிஞ்சுக்கிட்டேனா?" அவர்கள் திருத்துவார்கள், அந்தத் திருத்தத்தையும் எழுதுங்கள். சில வாரம் கழித்து அதே கேள்விகளை அதே வரிசையில் மறுபடி கேளுங்கள். அப்போதும் வலி ஏழிலேயே நின்று, பள்ளிக்குப் போகும் நாட்கள் கூடியிருந்தால் பெற்றோர் சோர்ந்துபோவார்கள். நாள்பட்ட வலியில் பெரும்பாலும் நடமாட்டம் முதலில் திரும்பும், எண் பிறகுதான் இறங்கும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.