மார்பக வலி: எந்த வகை என்று கண்டுபிடிப்பது எப்படி

கட்டி, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, குழி விழுந்த தோல் இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். பால் கொடுப்பவருக்குச் சிவந்து வலித்துக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே. நடந்தால் நெஞ்சு இறுகி வலி கைக்கோ தாடைக்கோ ஏறினால் உடனே அவசர சிகிச்சைக்கு.

இவை எதுவும் இல்லாமல் வலி மட்டும் என்றால் புற்றுநோயாக இருப்பது அபூர்வம்.

1. காலண்டரில் குறியுங்கள். இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிக்கு, தினமும் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். செயலிகள் எனக்குப் பிடிக்காது. சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டர் போதும், டாக்டரும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். மாதவிடாய்க்கு முந்தைய ஒன்றிரண்டு வாரம் எண் ஏறி, உதிரப்போக்கு தொடங்கியதும் இறங்கினால் அது சுழற்சி வலி. பெரும்பாலும் இரண்டு பக்கமும் கனத்து, அக்குள் வரை இழுக்கும்.

2. விலா எலும்பா என்று பாருங்கள். எண்களில் ஒழுங்கே இல்லை, ஒரே இடத்தில்தான் வலி என்றால் இதைச் செய்யுங்கள். எனக்கு விடை கிடைத்தது இங்கேதான். நேராக நின்று அழுத்தினால் மார்பகமும் அடியில் உள்ள எலும்பும் சேர்ந்தே அமுங்கும், எது வலிக்கிறது என்று தெரியாது. வலது பக்கம் வலித்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். மார்பகம் நடுப்பக்கம் சரிந்துவிடும். இப்போது வெளி ஓரத்தில் விலா எலும்பை விரல் நுனியால் அழுத்துங்கள். அப்புறம் மார்பகச் சதையை மட்டும் இரு விரலுக்கிடையே பிடித்துப் பாருங்கள். எலும்பை அழுத்தும்போது அதே பழைய வலி வந்தால் பெரும்பாலும் நெஞ்சுச் சுவர் வலி, அதாவது மார்பகத்தில் இல்லை, அடியில் உள்ள விலா எலும்பு, தசையில் வரும் வலி. விலா நெஞ்செலும்போடு சேரும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

3. டாக்டரிடம். காலண்டரோடு, கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை எடுப்பதையும் சொல்லுங்கள். ஒரே இடத்து வலிக்கு ஸ்கேன் எழுதலாம். 40 வயதுக்கு மேல் பெரும்பாலும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) சேரும். அளவான, நன்றாகத் தாங்கும் பிரா, வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் இரண்டும் என் சிபாரிசு (கர்ப்பிணிகள் ஜெல்லுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்). ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரைக்குக் காசு செலவழிக்க மாட்டேன். ஆய்வுகளில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விஞ்சவில்லை.

பிற்சேர்க்கை: கர்ப்பப்பை எடுத்தவர்கள் எப்படிக் குறிப்பது என்று கேட்டிருந்தீர்கள். சினைப்பை இருந்தால், மாதவிடாய் நிற்கும் வயது வரை சுழற்சியும் இருக்கும். எண்களை மட்டும் எழுதிவாருங்கள், ஏற்ற இறக்கம் தானே தெரியும்.

இன்னொன்று: ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து, சில நாளில் கொப்புளம் வந்தால் அது அக்கி. காவி பூசிக் காத்திருக்காதீர்கள். வைரஸ் மருந்தை கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது.