வெளிநாட்டு மூத்தோர் தடகளப் போட்டிக்குக் கிளம்பும் முன்: நம்மவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில் ஒரு மூத்தோர் தடகளப் போட்டி. 55 வயதுப் பிரிவு, 200 மீட்டர். ஓட்டத்துக்கு முன் வீரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சேர்க்கும் ‘கால் ரூமில்’ (call room) கையில் தாளோடு நின்ற பெண் ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பெயருக்குப் போக இருந்தபோதுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பருக்கு உறைத்தது, அது அவருடைய அப்பா பெயர் என்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர். விண்ணப்பமும் அப்படியே போயிருந்தது. அடித்துப் பிடித்து எழுந்து ஓடினார். இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் ‘வரவில்லை’ என்று குறித்திருப்பார்கள். விமான டிக்கெட், அறை வாடகை, நான்கு மாதம் விடியற்காலையில் எழுந்து செய்த பயிற்சி எல்லாம் அந்த ஒரு கோட்டோடு போயிருக்கும்.

ஓடித் தோற்றால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். ஓடாமலே வெளியே நிற்பதைத்தான் தாங்க முடியாது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று பக்கத்து நாட்டுப் போட்டிகளுக்கு நம் ஊரிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். மாமா, அத்தை வயதுக்காரர்கள் சொந்தக் காசைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அவர்களில் பலர் தடுமாறுவது ஓடுதளத்தில் அல்ல, அதற்கு முன்னால்.

அது அவர்களுடைய போட்டி

முதலில் மனசில் வைக்க வேண்டியது இதுதான். இன்னொரு நாட்டின் சாம்பியன்ஷிப்புக்குப் போகும்போது நாம் விருந்தாளி. அந்த நாட்டின் மூத்தோர் அமைப்பு தன் வீரர்களுக்காக நடத்துகிற போட்டியில் நமக்கும் ஓர் இடம் கொடுக்கிறது. அந்த இடம் எப்படிப்பட்டது என்று கேட்காமலே பணம் கட்டுவதுதான் பெரிய தவறு.

சில நாடுகள் போட்டியை ‘ஓபன்’ என்று அறிவித்து, எந்த நாட்டவர் முதலில் வந்தாலும் தங்கம் என்று வைத்திருக்கின்றன. சில இடங்களில் வெளிநாட்டவர் ஓடலாம், நேரம் பதிவாகும், ஆனால் பதக்கமும் தேசிய சாம்பியன் பட்டமும் உள்நாட்டவருக்கு மட்டும். இன்னும் சில இடங்களில் பதக்கம் உண்டு, அதே இடத்துக்கான பதக்கத்தை உள்நாட்டவருக்கும் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். தகுதிச் சுற்று இருந்தால் இன்னொரு கேள்வியும் வரும்: இறுதிச் சுற்றில் விருந்தாளிக்கு லேன் உண்டா, இல்லையா? இதையெல்லாம் போட்டி அறிவிப்பில் ஒரு வரியில் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். மேடைப் பக்கம் போய் நின்ற பிறகு ‘உங்களுக்குப் பதக்கம் கிடையாது’ என்று கேட்பது கொடுமை. அதை நான் பார்த்திருக்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ஓபன் போட்டியில் நாமே பதிவு செய்து போய்ப் பதக்கம் வாங்கிவிட்டு, ஊரில் ‘இந்தியாவுக்காகத் தங்கம் வென்றவர்’ என்று பேனர் வைக்கக் கூடாது. தேசிய அமைப்பு தேர்ந்தெடுத்து அனுப்பினால்தான் அது நாட்டுக்கான பதக்கம். மற்றபடி அது நம் சொந்த வெற்றி. அதுவே பெருமைதான், இல்லாத பட்டத்தை அதன் தலையில் கட்ட வேண்டியதில்லை. தேசிய ஜெர்சியை அனுமதி இல்லாமல் போட்டுக்கொண்டு இறங்குவதும் அப்படித்தான். கிளப் பனியன் போதும்.

பணத்தை யாரிடம் கட்டுகிறோம் என்பதையும் பாருங்கள். இந்தியாவில் மூத்தோர் போட்டிகளை ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் நடத்துகின்றன. ‘டிக்கெட், தங்கல், என்ட்ரி எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று குழுவாகக் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. ஒழுங்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருமுறை அப்படி ஒருவர் மூலம் பதிவு செய்து, அங்கே போய்ப் பார்த்தால் ஐந்து பேருடைய பெயர் பட்டியலிலேயே இல்லை. போட்டி நடத்துபவரிடமிருந்து நேரடியாக உங்கள் பெயருக்கு உறுதிப்படுத்தல் வந்ததா என்று பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

பெயரும் பிறந்த தேதியும்

பெயர் விஷயத்தை மேலே சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் விண்ணப்பிக்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று முந்தின நாளே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். செஸ்ட் நம்பரை மனப்பாடம் செய்யுங்கள். பெயரை எப்படி உச்சரித்தாலும் எண் மாறாது.

பிறந்த தேதி இன்னும் சிக்கல். எங்கள் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் சான்றிதழில் இருக்கிறது. வீட்டில் ஜாதகம் வேறு சொல்லும். போட்டிக்குப் பாஸ்போர்ட் தேதி மட்டும்தான் செல்லும். சாதனைக்கு அதுவும் போதாமல் போகலாம். பிரிட்டனில் வாழ்ந்த பஞ்சாபியர் ஃபௌஜா சிங் 2011 அக்டோபரில் கனடாவின் டொராண்டோவுக்குப் போய், ஒரே நாளில் எட்டுத் தூரங்கள் ஓடினார். 100 மீட்டரை 23.14 விநாடியில் முடித்தார். சில நாள் கழித்து அதே ஊரில் முழு மாரத்தானும் ஓடினார். அவர் பாஸ்போர்ட்டில் 1911 ஏப்ரல் 1 என்று இருந்தது, அதாவது நூறு வயது. ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ் அந்த மாரத்தானை ஏற்கவில்லை. உலகமே பார்த்த ஓட்டம் ஒரு தாளில் நின்றுவிட்டது. சாதனை எண்ணம் இருப்பவர்கள் பிறப்புச் சான்றிதழ் நகலையும் பையில் வையுங்கள்.

உலக மாஸ்டர்ஸ் (மூத்தோர்) தடகள அமைப்பின் போட்டிகளில் வயதுப் பிரிவு 35-இல் தொடங்கி ஐந்தைந்து வருடமாக ஏறும். தொடரின் முதல் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. செப்டம்பர் 5-ஆம் தேதி போட்டி தொடங்கி, 6-ஆம் தேதி உங்களுக்கு 60 முடிகிறது, 7-ஆம் தேதி குண்டு எறிகிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் 55 பிரிவுதான். கையில் வருவது 6 கிலோ குண்டு. வீட்டில் 5 கிலோவில் பழகியது வீண். ஆண்களுக்கு 50 முதல் 59 வரை 6 கிலோ, அறுபதுகளில் 5, எழுபதுகளில் 4, எண்பதுக்கு மேல் 3. ஈட்டி அதே வரிசையில் 700, 600, 500, 400 கிராம். பெண்களுக்கு 50 முதல் 74 வரை 3 கிலோ குண்டு. தேசியப் போட்டிகளில் வயதைக் கணக்கிடும் நாள் வேறாக இருக்கலாம், எனவே அந்தப் போட்டியின் விதியைப் படித்துவிட்டுப் பயிற்சிக் குண்டைத் தேர்ந்தெடுங்கள்.

மாத்திரை டப்பா

இதை யாரும் வெளியே பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஐம்பது தாண்டிய நம்மில் பாதிப் பேர் ஏதாவது மாத்திரை போடுகிறோம். ஊக்கமருந்து விதிகள் ஒலிம்பிக்காரர்களுக்கு மட்டும் என்ற நினைப்பு தப்பு. மூத்தோர் போட்டிகளுக்கும் அவை உண்டு. மாட்டித் தடை வாங்கிய தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள்.

உங்கள் ரத்த அழுத்த மாத்திரை அட்டையைக் கையில் எடுங்கள். பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்றோ ‘சிடி’ என்றோ எழுத்து இருக்கிறதா? அநேகமாக அதில் ஹைட்ரோகுளோரோதையசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்திருக்கும். இரண்டும் சிறுநீர் பெருக்கிகள், எந்த நேரத்திலும் தடை செய்யப்பட்டவை. இன்சுலினும் அப்படியே. மெட்ஃபார்மினுக்கும் தைராக்சினுக்கும் தடை இல்லை. மூட்டு வலிக்கு முழங்காலில் போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. ‘கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டுக்கிட்டா தெம்பா ஓடலாம்’ என்று போட்டுக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டும். மருந்து உடம்பை விட்டுப் போக நாளாகும். பாராசிட்டமாலோடு டிரமடால் சேர்ந்த வலி மாத்திரை 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் கூடாது. லேகியம், சூரணம், ஜிம்மில் விற்கும் பொடி எதுவானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு விற்றவர் அல்ல, சாப்பிட்டவர்தான் பொறுப்பு.

அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பதக்கத்துக்காகப் பக்கவாதத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் தடையில்லாத மாற்று உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் சிகிச்சைக்கான விலக்குக்கு விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. நோய்க்கான சோதனை முடிவுகளும் மருத்துவர் கடிதமும் அதற்கு வேண்டும், மாதக்கணக்கில் முன்னால் தொடங்க வேண்டும். அப்புறம், சிங்கப்பூர் மாதிரி நாடுகளுக்குத் தூக்க மாத்திரை, கோடீன் கலந்த மருந்து கொண்டுபோகவே முன்அனுமதி தேவைப்படலாம்.

அங்கே போய் இறங்கிய பிறகு

மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை 7.30 ஓட்டத்துக்கு 7 மணிக்குக் கால் ரூமில் இருக்க வேண்டுமென்றால், உடம்புக்கு அது விடியற்காலை 4.30. முந்தின இரவு போய் இறங்கினால் கால் எழும்பாது. இரண்டு நாள் முன்னதாகப் போங்கள். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் மைதானத்தைக் காலி செய்யச் சொல்வார்கள், போட்டி மறுநாளுக்குத் தள்ளும். கடைசி நாள் சாயங்காலமே திரும்பும் டிக்கெட் போட்டவர்கள் பதக்கச் சுற்றை விட்டுவிட்டு விமானம் பிடிக்கிறார்கள்.

அடியில் ஆணி வைத்த ஸ்பைக் ஷூவைக் கைப்பையில் வையுங்கள், ஆணிகளைக் கழற்றி, அவற்றைத் திருகும் சாவியோடு பெரிய பெட்டியில் போடுங்கள். பெட்டி தொலைந்தாலும் ஆணி அங்கே கிடைக்கும், உங்கள் அளவு ஷூ கிடைக்காது. செயற்கைத் தளத்தில் ஓடும்போது ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. பல மைதானங்கள் 6 அல்லது 7-தான் விடுகின்றன. காலை ஊன்றி உந்திப் புறப்படும் ஸ்டார்ட்டிங் பிளாக் உங்களுக்குப் புதிதாக இருந்தால் பயப்பட வேண்டாம், மூத்தோர் போட்டிகளில் நின்றபடியே தொடங்கலாம். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் விளையாட்டுப் போட்டியில் ஏற்படும் காயத்துக்கு அது செல்லுமா என்று பாருங்கள். பெரும்பாலும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஓடி முடித்ததும் பதக்கத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அதிகாரப்பூர்வ முடிவுத் தாளையும் வாங்குங்கள். 100, 200 மீட்டர், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் என்றால் காற்றின் வேகம் அதில் இருக்க வேண்டும், நொடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் முதுகுக் காற்று இருந்தால் சாதனையாக எடுக்க மாட்டார்கள். மின்னணு நேரமா, கைக் கடிகார நேரமா என்பதும் தெரிய வேண்டும். சாதனைக்குப் பக்கத்தில் வந்திருந்தால் முடிவுக் கோட்டைக் கடக்கும்போது எடுக்கும் போட்டோ ஃபினிஷ் படத்தையும் நடுவர் கையெழுத்தையும் அன்றைக்கே, மைதானத்திலேயே கேளுங்கள். நாளைக்கு அந்த மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள்.