டி.பி.எஃப் வண்டிக்கு அடிட்டிவ் ஊற்றுவது எப்படி?

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே ஓடும் டீசல் கார்கள்தான் என் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. புகை போதிய அளவு சூடாகாமல், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரில் (அதுதான் டி.பி.எஃப்) கரி சேர்கிறது. கரி எரிய சுமார் 600 டிகிரி வேண்டும். டீசல் டேங்கில் ஊற்றும், சீரியம் அல்லது இரும்பு என்ற உலோகம் கலந்த அடிட்டிவ் அதைச் சுமார் 450-க்கு இறக்கும். ஆனால் அந்த உலோகம் சாம்பலாக உள்ளேயே தங்கிவிடும், அது எரியாது. அதனால் டி.பி.எஃப்-க்கு ஏற்றது என்று லேபிளில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அளவுக்கு மேல் ஒரு மூடிகூட வேண்டாம். முதலில் அடிட்டிவ், அப்புறம் டீசல், நன்றாகக் கலக்கும். பிறகு மீஞ்சூர் போய் வெளிவட்டச் சாலையில் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். அந்த ஓட்டம்தான் முக்கியம். அப்படியும் டி.பி.எஃப் விளக்கு அணையவில்லையா? மேலும் ஊற்றாமல் ஸ்கேன் செய்யக் கொண்டு வாருங்கள்.