வசூல் நோட்டைத் திறக்கும் முன்: 'நமக்கு நாமே' திட்டத்தில் பள்ளிக்கு வகுப்பறை கட்ட

முதலில் வேலைக்கான செலவு மதிப்பீடு, பிறகுதான் வசூல். இந்த வரிசை மாறினால், கட்டடம் பாதியில் நிற்பதற்கு முன்பே ஊருக்குள் சண்டை வந்துவிடும்.

தமிழ்நாட்டில் 1997-98இல் தொடங்கி, 2011-12 முதல் தன்னிறைவுத் திட்டமாக நடந்து, 2021-22இல் பழைய பெயருக்கே திரும்பிய திட்டம் இது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்கு, மீதி அரசுடையது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். 15 லட்ச ரூபாய் வேலைக்கு 5 லட்சம் அல்லது 3 லட்சம். பாதியை, அதாவது 7.5 லட்சத்தைத் தந்தால், கொடுத்தவரே வேலையை எடுத்துச் செய்யலாம். தாம் நம்பும் ஆளைக் கொண்டும் செய்யலாம். முடிந்தால் ஊர் அந்தப் பாதியைத் தொட்டுவிடுவது நல்லது. தரம் ஊரின் கையில் இருக்கும். நடப்பு விதிமுறையை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஊராட்சித் தீர்மானத்தோடு ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு கேளுங்கள். அதற்கு முன் ஒரு சோதனைக் குழி தோண்டிக் காட்டுவது அவசியம். கரிசல் மண் என்று பின்னால் தெரிந்தால் அஸ்திவாரச் செலவு ஏறும், மக்கள் பங்கும் கூடவே ஏறும். ஜி.எஸ்.டி., மின் இணைப்பு, சாய்தளம் எல்லாம் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கின்றனவா என்று வரிவரியாகப் படியுங்கள். விடுபட்டதற்கு அப்புறம் தனியாக அலைய வேண்டும்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) பணத்தையும் மக்கள் பங்காகக் காட்டலாம். அவர்கள் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது; பிப்ரவரியில் போய் நின்றால் பலன் இருக்காது. நிதியாண்டின் தொடக்கத்திலேயே மதிப்பீட்டுடன் போங்கள். வெளிநாட்டு உறவினர் விஷயத்தில் கவனம் தேவை. இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும்; எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத ஊர்ச் சங்கம் அதை வாங்கக் கூடாது.

பங்குத் தொகையை அலுவலகம் சொல்லும் கணக்கில் மட்டும் செலுத்தி ரசீது வாங்குங்கள். ஒப்பந்ததாரர் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அது மக்கள் பங்காகக் கணக்கில் ஏறாது. ஆட்சியரின் நிர்வாக அனுமதி வரும்வரை கடைக்கால் தோண்டாதீர்கள். வேலை தொடங்கியபின் அஸ்திவாரக் குழியை மூடும் முன்பும், கான்கிரீட் போடும் முன்பும் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். மூடிய கம்பியை யாரும் எண்ண முடியாது, அதற்கான பில்லும் நகராது.