ஜெர்மனி வேலை விசா: ஏஜென்ட்டுக்கு காசு கட்டறதுக்கு முன்னாடி சர்டிபிகேட்ட எடுத்து வைங்க

போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து அக்கா பையன் ஃபோன் பண்ணான். பி.இ. மெக்கானிக்கல், 29 வயசு, ஒரு பம்ப் கம்பெனில டிசைன்ல அஞ்சு வருஷமா இருக்கான். "மாமா, ஒரு ஏஜென்ட்ட பாத்தேன், ஜெர்மனிக்கு ப்ளூ கார்டு எடுத்து தரேங்கறாரு, நாலு லட்சம் ஆகுமாம், இப்போ ஒன்றரை கட்டுனா ஃபைல் ஓப்பன் பண்ணிடலாமாம்"ன்னான். சரி எந்த கம்பெனில வேலைன்னு கேட்டா, அதெல்லாம் விசா வந்தப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னாராம். அடேய், ப்ளூ கார்டுங்கறதே நல்ல சம்பளத்துல வேலை கிடைச்ச ஆளுங்களுக்கு குடுக்கற பெர்மிட், வேலை ஆஃபர் இல்லாம அப்படி ஒண்ணே கிடையாதுடா, இது மாப்பிள்ளையே பாக்காம மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கற கதைன்னு சொல்லி ஒன்றரை மணி நேரம் பேசினேன். அவனுக்கு சொன்னதயே இங்க எழுதறேன், நிறைய பேர் இதே எடத்துல தான் மாட்டறாங்க.

அமெரிக்கா ஏன் இல்லன்னு கேக்கறவங்களுக்கு: அங்க வேலை விசாவான எச்-1பி வருஷத்துக்கு 85,000 தான், அதுவும் குலுக்கல், போதாக்குறைக்கு 2025 செப்டம்பர்ல புதுசா வெளிநாட்டுல இருந்து எடுக்கற ஆளுக்கு 1,00,000 டாலர்னு போட்டுட்டாங்க. ஜெர்மனில குலுக்கல் இல்ல. 2024 அக்டோபர்ல அப்போதைய சான்ஸ்லர் ஷோல்ஸ் டெல்லி வந்தப்போ இந்திய ஸ்கில்டு ஆளுங்களுக்கான விசாவ வருஷத்துக்கு 20,000ல இருந்து 90,000 ஆக்கறோம்னு சொன்னாங்க. அதுக்காக வாசல் தெறந்தே கெடக்குன்னு அர்த்தம் இல்ல, கண்டிஷன் எல்லாம் அப்படியே தான் இருக்கு.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, எந்த விசான்னு நீங்க செலக்ட் பண்றதில்ல. உங்க சர்டிபிகேட்டும் ஆஃபர் லெட்டர்ல இருக்கற சம்பளமும் சேந்து அத முடிவு பண்ணும். ஏஜென்ட்டால இந்த ரெண்டயும் மாத்த முடியாது.

அதனால முதல் வேலை அனாபின். ஜெர்மனி அரசாங்கத்தோட டேட்டாபேஸ், ஃப்ரீ தான், ஜெர்மன்ல இருக்கும், பிரவுசர்ல ட்ரான்ஸ்லேட் போட்டு பாத்துக்கலாம். அதுல ரெண்டு தடவ தேடணும், நிறைய பேர் ஒரு தடவயோட நிறுத்திடறாங்க. முதல்ல யுனிவர்சிட்டி. அதுக்கு எச் ப்ளஸ்னு (H+, அதாவது அங்கீகாரம் உள்ளதுன்னு) போட்டிருக்கணும். நீங்க படிச்ச காலேஜ் பேர தேடி கிடைக்கலன்னு பயப்படாதீங்க, டிகிரி குடுத்தது யாரோ அவங்க பேர தேடுங்க, அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ்னா அண்ணா யுனிவர்சிட்டி தான். அடுத்தது டிகிரி, அதாவது உங்க பி.இ.யோ பி.டெக்கோ எம்.சி.ஏ.வோ, அதுக்கு நேரா "என்ட்ஷ்ப்ரிஷ்ட்" இல்லன்னா "க்ளைஷ்வேர்டிக்"னு இருக்கணும், ரெண்டுக்கும் அவங்க ஊரு டிகிரிக்கு சமம்னு தான் பொருள். ரெண்டு பக்கத்தயும் பிரின்ட் போட்டு வெச்சுக்கோங்க, விசா ஃபைல்ல வெக்கணும். பி.எஸ்சி, பி.சி.ஏ மாதிரி மூணு வருஷ டிகிரி ஆளுங்க இந்த ரெண்டாவது தேடல கண்டிப்பா பண்ணணும், நாலு வருஷ டிகிரிக்கு இருக்கறது உங்களுக்கும் இருக்கும்னு நினைச்சுக்காதீங்க. எதுவுமே லிஸ்ட்ல இல்லன்னா சாப் (ZAB)ங்கற ஜெர்மன் ஆபீஸ்ல மதிப்பீடு சர்டிபிகேட் வாங்கணும், 208 யூரோ, நீங்களே ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம். இதுக்கு தான் சில பேர் அம்பதாயிரம் வாங்கறாங்க.

டிகிரி ஓகேன்னா முதல் வாசல் ப்ளூ கார்டு. ஆஃபர் லெட்டர் வேணும், குறைஞ்சது ஆறு மாசத்துக்கு. சம்பளம் குறைஞ்சது இவ்வளவு இருக்கணும்னு ஒரு கோடு இருக்கு, 2025ல வருஷத்துக்கு 48,300 யூரோவா இருந்தது 2026ல 50,700 ஆயிடுச்சு. இது ஏன் வருஷா வருஷம் ஏறுதுன்னா அவங்க ஊர் பென்ஷன் கணக்குல ஒரு உச்சவரம்பு உண்டு, அதுல சரி பாதி தான் இந்த கோடு, வரம்பு ஏறுனா இதுவும் ஏறிடும். அதனால டிசம்பர்ல ஆஃபர் வாங்கி ஜனவரில அப்ளை பண்றவங்க ஜாக்கிரதை, பழைய கோட்ட ஒட்டி சம்பளம் பேசியிருந்தீங்கன்னா மாட்டிக்குவீங்க. இன்ஜினியர், ஐடி, டாக்டர் மாதிரி ஆள் பத்தாத வேலைகளுக்கும், டிகிரி முடிச்சு மூணு வருஷம் தாண்டாதவங்களுக்கும் கோடு கொஞ்சம் கம்மி, 2026ல 45,934 யூரோ 20 சென்ட். இருபது சென்ட் வரைக்கும் எழுதறேன்னு சிரிக்காதீங்க, அங்க கணக்கு அப்படித்தான். இந்த கம்மி கோட்டுல போனா வேலைவாய்ப்பு ஆபீஸ்ல இருந்து ஒரு சம்மதம் வாங்கணும், அத விசா ஆபீஸ்லயே கேட்டு வாங்கிக்குவாங்க. இன்னொண்ணு, கிடைச்சாலும் கிடைக்கும்ங்கற போனஸ் இதுல சேராது, கண்டிப்பா கிடைக்கற சம்பளம் மட்டும் தான், ஆஃபர் லெட்டர்ல அத பிரிச்சு எழுத சொல்லுங்க.

ஐடில இருக்கறவங்களுக்கு ஒரு நல்ல விஷயம், டிகிரியே இல்லன்னாலும் கடைசி ஏழு வருஷத்துல மூணு வருஷம் டிகிரி லெவல்ல ஐடி வேலை பாத்திருந்தா இதே கம்மி கோட்டுல ப்ளூ கார்டு கிடைக்கும். 2023 நவம்பர்ல வந்த ரூல். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல என்ன வேலை பாத்தீங்கன்னு விவரமா இருக்கணும், "நல்ல குணமுள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துக்கள்"னு ரெண்டு வரி லெட்டர் அங்க உதவாது.

சம்பளம் அந்த கோட்ட தொடலயா, அப்பவும் டிகிரி சமம்னா சாதாரண ஸ்கில்டு ஒர்க்கர் விசா இருக்கு. இதுக்கு ஃபிக்ஸடா ஒரு கோடு இல்ல, அதே வேலைக்கு ஜெர்மன்காரனுக்கு என்ன குடுப்பாங்களோ அத குடுத்தா போதும். 45 வயசு தாண்டிட்டா மட்டும் தனி வரம்பு, 2026ல 55,770. வித்தியாசம் எங்க தெரியும்னா பின்னாடி: ப்ளூ கார்டுல 27 மாசத்துல நிரந்தரமா தங்கற பெர்மிட்டுக்கு போகலாம், ஜெர்மன் பி1 இருந்தா 21 மாசம் (மொழி லெவல் ஏ1, ஏ2, பி1, பி2, சி1னு ஏறிட்டே போகும்), சாதாரண விசால மூணு வருஷம். அதனால ஆயிரம் யூரோ தான் குறையுதுன்னா எச்ஆர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க, ப்ளூ கார்டு கோடுக்கு ஏத்தி குடுங்கன்னு. நான் 2023ல ஜெர்மனி வந்தப்போ அப்படித்தான் கேட்டேன், மறு நாளே மாத்தி அனுப்பிட்டாங்க, அங்க இது தப்பான கேள்வி இல்ல.

டிகிரி சமம்னு வரல, இல்ல டிப்ளமோ தான், ஆனா கை நிறைய அனுபவம் இருக்குங்கறவங்களுக்கு ஒரு வாசல் இருக்கு, யாரும் பெருசா சொல்றதில்ல. நம்ம ஊர் அரசாங்கம் ஒத்துக்கிட்ட ரெண்டு வருஷ படிப்பாவது இருக்கணும், கடைசி அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷ அனுபவம் இருக்கணும், சம்பளம் 2026ல 45,630 தொடணும். இதுக்கு ஜெர்மனில படிப்ப சமம்னு காட்ட வேண்டியதில்ல. டாக்டர், நர்ஸ் மாதிரி லைசென்ஸ் வேணுங்கற வேலைக்கு மட்டும் இது ஆகாது. அவங்க கதையே வேற, மொழியும் அங்கீகாரமும் இல்லாம அங்க அந்த வேலைய முழுசா பாக்க முடியாது, நர்ஸுங்க சென்னைல நம்ம அரசாங்கத்தோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துல முதல்ல விசாரிங்க.

இப்போ எல்லாரும் கேக்கறது ஆப்பர்சூனிட்டி கார்டு, ஜெர்மன்ல ஷான்சன்கார்டே. 2024 ஜூன் 1ல ஆரம்பிச்சாங்க. வேலை இல்லாமயே போயி ஒரு வருஷம் தங்கி வேலை தேடலாம், அதுவரைக்கும் வாரத்துக்கு 20 மணி நேரம் பார்ட் டைம் பாக்கலாம். டிகிரி முழுசா சமம்னா பாயின்ட் எல்லாம் தேவையில்ல. இல்லன்னா ரெண்டு வருஷ படிப்பு, அதோட ஜெர்மன் ஏ1 இல்ல இங்கிலீஷ் பி2, இதெல்லாம் இருந்து அதுக்கு மேல 6 பாயின்ட் சேக்கணும். டிப்ளமோ முடிச்ச 31 வயசு ஆள்னு வெச்சுக்கோங்க. 35க்குள்ள இருக்கறதால 2. கடைசி அஞ்சு வருஷத்துல படிச்ச துறையிலயே ரெண்டு வருஷம் வேலை பாத்ததுக்கு 2. ஜெர்மன் ஏ2 முடிச்சா 1. ஆச்சு 5, பத்தல. பி1 முடிச்சிருந்தா ஏ2 பாயின்டுக்கு பதிலா 2 வரும், 6 ஆயிடும். இங்கிலீஷ் சி1 காட்டுனாலும் ஒரு பாயின்ட் உண்டு.

ஆனா இதுல பணம் தான் கடி. 2025 கணக்குப்படி மாசம் 1,091 யூரோன்னு ஒரு வருஷத்துக்கு 13,092 யூரோ ப்ளாக்டு அக்கவுண்ட்ல போட்டு காட்டணும், ஒரு யூரோ நூறு ரூபாய்னு வெச்சாலே 13 லட்சம். அது உங்க காசு தான், மாசா மாசம் உங்களுக்கே திரும்ப வரும், ஆனா வட்டிக்கு வாங்கி போட்டீங்கன்னா அங்க போயி சாப்பிடறதே கடன்ல தான். என் கருத்து கேட்டீங்கன்னா, ஜெர்மன் பி1 இல்லாம இந்த கார்டுல போகாதீங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு தம்பி வேலைய ரிசைன் பண்ணிட்டு ஏ1ஓட வந்தான், பகல்ல அப்ளிகேஷன், சாயங்காலம் பார்சல் சென்டர்ல மூட்ட தூக்கறது, பதினோராவது மாசம் ஊருக்கு டிக்கெட் போட்டான். திறமை இல்லாதவன் இல்ல, இன்டர்வியூல ரெண்டாவது ரவுண்டுல ஜெர்மன்ல பேச ஆரம்பிச்சதும் முடிஞ்சுது.

பெர்லின்ல ஸ்டார்ட்அப்ல ஐடின்னா இங்கிலீஷே போதும்னு சொல்லலாம். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், சிவில்னா டிராயிங்ல இருந்து மீட்டிங் வரைக்கும் ஜெர்மன் தான். அதுவும் கார் பார்ட்ஸ் பக்கம் இப்போ நிலைமை சரியில்ல, போஷ், இசட்எஃப் மாதிரி பெரிய கம்பெனிங்களே 2024லயும் 2025லயும் ஆள் குறைக்கறதா அறிவிச்சாங்க, அதனால அக்கா பையன்கிட்ட ரயில்வே, பம்ப், காத்தாலை, ஃபேக்டரி மெஷின் பக்கம் தேட சொல்லியிருக்கேன். சென்னைல நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன், கோவைல கோத்தே சென்டர், ரெண்டு எடத்துலயும் ஜெர்மன் சொல்லித்தராங்க. எங்க படிச்சாலும் சரி, எக்ஸாம் மட்டும் கோத்தே, டெல்க், ஓஎஸ்டி மாதிரி ஒத்துக்கற எடத்துல எழுதுங்க, தெருமுனை டியூஷன் சர்டிபிகேட் செல்லாது.

வேலை தேட லிங்க்ட்இன் போதும்னு இருக்காதீங்க, ஸ்டெப்ஸ்டோன் பாருங்க, அவங்க அரசாங்க வேலைவாய்ப்பு ஆபீஸோட சைட்டும் மேக் இட் இன் ஜெர்மனி சைட்டும் பாருங்க. ஆஃபர் வந்துட்டா கம்பெனி ஒரு ஃபாரம் நிரப்பி தரணும், வேலை விவரம், சம்பளம், வேலை நேரம் எல்லாம் அதுல இருக்கும். கம்பெனிக்கு அவசரம்னா அவங்களே அங்க இமிக்ரேஷன் ஆபீஸ்ல 411 யூரோ கட்டி ஃபாஸ்ட் ட்ராக் போடலாம். நீங்க ஜெர்மன் கான்சுலேட்டோட ஆன்லைன் போர்ட்டல்ல அப்ளை பண்ணணும், விசா ஃபீஸ் 75 யூரோ. டிகிரிக்கு அபோஸ்டில் (வெளிநாட்டுல செல்லறதுக்காக போடற அரசாங்க முத்திரை) போட்டு தரேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, இந்தியா அபோஸ்டில் ஒப்பந்தத்துல சேந்தத ஜெர்மனி ஏத்துக்கல, அதனால நம்ம முத்திரை அங்க செல்லாது. ஏஜென்ட் மூலமா தான் போவேன்னு அடம்புடிச்சா வெளியுறவுத்துறையோட இ-மைக்ரேட் சைட்ல அவர் லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க. லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் உங்ககிட்ட வாங்கக்கூடிய ஃபீஸே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தான். நாலு லட்சம் எங்க, இது எங்க.

கல்யாணம் ஆனவங்களுக்கு ப்ளூ கார்டுல ஒரு வசதி, வீட்டம்மாவோ வீட்டுக்காரரோ ஜெர்மன் பரீட்சை எழுதாமயே வரலாம், வந்ததும் எந்த வேலைக்கும் போகலாம். 50,700னா கையில மாசம் என்ன நிக்கும்னு கேக்கறாங்க, தனி ஆளுக்கு டாக்ஸ், பென்ஷன், இன்ஷூரன்ஸ் போக ஏறக்குறைய 2,700 யூரோ. மியூனிக்ல அதுல பாதி வாடகைக்கே போயிடும், சின்ன ஊர்ல கிடைச்சா வேண்டாம்னு சொல்லாதீங்க.

கடைசியா நம்ம ஆளுங்களுக்கு மட்டுமே வர்ற பிரச்சனை, இனிஷியல். மார்க்ஷீட்ல "எஸ். கார்த்திக்", பாஸ்போர்ட்ல "கார்த்திக் சுப்ரமணியம்", எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல "கார்த்திக் எஸ்", இது மூணும் ஒரே ஆள்னு ஜெர்மன் ஆபீசருக்கு யாரு சொல்றது. சில பேருக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டமே காலியா இருக்கும், அங்க எந்த ஃபாரமும் அந்த கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கம் போகாது. வேலை தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்ல சர்நேம் போட்டு மாத்துங்க, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் எல்லாம் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே வாங்குங்க, பழைய சர்டிபிகேட்டுக்கு ரெண்டு விதமா இருக்கற பேரும் ஒரே ஆளோடது தான்னு நோட்டரில அஃபிடவிட் போட்டு வைங்க. சர்நேம்ல அப்பா பேர போட்டா ஆபீஸ்ல எல்லாரும் "ஹெர் சுப்ரமணியம்" (மிஸ்டர் சுப்ரமணியம்)னு அப்பாவ தான் கூப்பிடுவாங்க, ஒரு வாரத்துல பழகிடும். வீட்டு வாசல்ல லெட்டர் பாக்ஸ்லயும் அதே பேர ஒட்டிடுங்க, அங்க டோர் நம்பர் பாத்து யாரும் லெட்டர் போட மாட்டாங்க, பேர் இல்லன்னா பேங்க் கார்டுல இருந்து இன்ஷூரன்ஸ் லெட்டர் வரைக்கும் எல்லாம் திரும்பிடும். எனக்கு முதல் மாசம் ஏடிஎம் கார்டு அப்படித்தான் ரெண்டு தடவ திரும்பி போச்சு.